காயலான் கடையில் பிறந்த கார்கள்

1959இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், பழைய கார் விற்கும் கடை ஒன்றில், பதின்வயதுப் பையன் ஒருவன் 500 டாலர் கொடுத்து ஒரு மெர்க்குரி காரை வாங்கினான். 1951ஆம் வருடத்து வண்டி. பச்சையில் இரண்டு சாயல் அடித்து, கூரையை வழக்கத்தைவிடத் தாழ்த்தி, பின்பாகம் தரையை உரசுவதுபோல் இறக்கியிருந்தார்கள். ஆறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் கார் பத்திரிகைகள் அந்த வண்டியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. பிறகு மோஸ்தர் மாறிவிட்டது. கொண்டாடிய வண்டி கடை வாசலில் விலைச்சீட்டோடு நின்றது. வாங்கிய பையன் அதை யாருக்கும் விற்கவில்லை. அவருடைய காலத்துக்குப் பிறகு, 2022 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்தபோது கமிஷனோடு சேர்த்து 21 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

பழம்பொருளுக்கு விலை ஏறுவதில் வியப்பு ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்கும் அதுதான் நடந்தது. எனக்கு வியப்பு அந்த 500 டாலரில்தான். வேகத்துக்காக மாற்றிய ஹாட் ராட், அழகுக்காக வெட்டி ஒட்டிய கஸ்டம் கார், தாழ்த்தி மெல்ல ஓட்டும் லோரைடர் என்று மூன்று கிளைகளாகப் பிரிந்து வளர்ந்த இந்தக் கார் கலாசாரத்தின் சரித்திரத்தைத் தோண்டிப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள் ஒன்று கிடக்கிறது. பழைய ஃபோர்டு, தண்ணீர் நிற்காத ஏரி, இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய பெட்ரோல் தொட்டி, விமானம் இறங்காத ஓடுதளம், உபரி விற்பனையில் கிடைத்த பம்பு. இதை 'அமெரிக்கச் சுதந்திர உணர்வின் வெளிப்பாடு' என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சுதந்திர உணர்வு எல்லா ஊர்ப் பையன்களுக்கும் உண்டு. காயலான் கடையில் எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் கிடைப்பதுதான் எல்லா ஊரிலும் இல்லை.

கிடைத்ததற்குக் காரணம் ஹென்றி ஃபோர்டு. 1908 முதல் 1927 வரை அவர் விற்ற மாடல் டி கார்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். 1925 வாக்கில் அதன் மலிவான வகை 260 டாலர். புதிதே அந்த விலை என்றால், பத்து வருடம் ஓடித் தேய்ந்தது என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 20 குதிரைத்திறன், பாதையில் தள்ளினால் மணிக்கு 70 கிலோமீட்டர். வேகத்துக்கான வண்டியே அல்ல. ஆனால் எல்லோரிடமும் ஒரே வண்டி இருந்ததால், அதைப் பிரித்துப்போட்டுப் பார்த்தவர்களும் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஒருவர் கண்டுபிடித்த வித்தை அடுத்தவர் வண்டிக்கும் பொருந்தியது. இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஒரு தொழிலே எழும்பியது இந்த ஒரே அளவின் மேல்தான்.

தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு வேறு இரண்டு வசதிகள் இருந்தன. பனி இல்லை, சாலையில் உப்புத் தூவ வேண்டியதில்லை, ஆகவே பழைய வண்டிகள் துருப்பிடிக்காமல் கிடந்தன. இன்னொன்று, மலையைத் தாண்டினால் மொஹாவி பாலைவனத்து வறண்ட ஏரிகள். கோடையில் நம் ஏரியைப் பார்த்தவர்களுக்குப் பாளம் பாளமாக வெடித்த களிமண்தான் நினைவுக்கு வரும். அங்கே அப்படியில்லை. குளிர்கால மழையில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். காற்று அதை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் தள்ளும். அடியில் இருக்கும் சேறு கொத்தனாரின் மட்டப்பலகை இழுத்ததுபோல் சமமாகும். வெயில் வந்ததும் இறுகிவிடும். மைல்கணக்கில் மேடும் இல்லை, மரமும் இல்லை, போலீசும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 150 கிலோமீட்டர் போல இருந்த முரோக் ஏரிதான் அவற்றில் பெரியது. சனிக்கிழமை இரவே பையன்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். பக்கத்தில் தூங்கி, வெயில் ஏறுவதற்குள் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஆரம்பத்தில் ஒரே வரிசையில் பல கார்களை நிறுத்தி ஒன்றாக விரட்டினார்கள். முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் பாதை தெரியும். மற்றவர்கள் அவன் கிளப்பிய புழுதிக்குள். உயிர்கள் போயின. அதன் பிறகுதான் கிளப்புகள் ஒன்றுகூடி 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. விதிகள் வந்தன, நேரம் குறிக்கக் கருவி வந்தது, வண்டிகளின் வகை பிரிக்கப்பட்டது. அப்புறம் ராணுவம் முரோக்கை எடுத்துக்கொண்டது. இன்று அதற்குப் பெயர் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். 1981இல் கொலம்பியா விண்கலம் திரும்பி வந்து இறங்கியது இதே ஏரித் தரையில். பந்தயக்காரர்கள் எல் மிராஜ் என்ற சிறிய ஏரிக்கு நகர்ந்தார்கள். இன்றும் அங்கே ஓட்டுகிறார்கள்.

'ஹாட் ராட்' என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. 'கவ் ஜாப்' என்பார்கள், 'ஹாப் அப்' என்பார்கள். கூரையில்லாத இரண்டு பேர் வண்டியான ரோட்ஸ்டரைச் சூடேற்றியது என்ற பொருளில் 'ஹாட் ரோட்ஸ்டர்' சுருங்கி 'ஹாட் ராட்' ஆயிற்று என்று பரவலாகச் சொல்வார்கள்.

இனி என்ஜினுக்கு வருவோம், ஏனென்றால் கதையின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. 1932 மார்ச்சில் ஃபோர்டு ஒரு வி8 என்ஜினை அறிமுகம் செய்தார். அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் பணக்காரர்களின் சமாசாரம். பல துண்டுகளாக வார்த்துப் பூட்டுவார்கள். கூலி ஏறும், விலை ஏறும். ஃபோர்டின் ஆட்கள் எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் எடுத்தார்கள். 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். அதோடு வந்த ரோட்ஸ்டரின் விலை 460 டாலர். பொருளாதார வீழ்ச்சியின் ஆழத்தில் சாமானியன் கைக்கு எட்டுகிற எட்டு சிலிண்டர் அதுதான். அந்த வருடத்து உடல் வடிவம் அடுத்த வருடமே மாறிவிட்டது. ஒரே வருடம் ஓடிய அந்த வடிவத்தைத்தான் 'டியூஸ்' என்று செல்லப்பெயர் வைத்துத் தொண்ணூறு வருடமாகக் கும்பிடுகிறார்கள். 1932இன் கடைசி இலக்கம் இரண்டு; சீட்டுக்கட்டில் இரண்டுக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர் டியூஸ்.

அந்த என்ஜினில் ஒரு பெரிய கோளாறும் இருந்தது. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கத்தில், சிலிண்டர்களை வார்த்த இரும்புக் கட்டியான பிளாக்குக்குள்ளேயே இருந்தன. மேலே இருக்கும் ஹெட் வெறும் தட்டை மூடி. 'ஃபிளாட்ஹெட்' என்ற பெயர் அதனால் வந்தது. எரிந்த புகை வெளியே போக வேண்டுமானால் பிளாக்கின் குறுக்காக, குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற இடத்தை ஒட்டித்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு ஒரு பக்கத்து நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துப் புகை வெளியேற மூன்றே வாய்கள். நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொண்டன. அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே சுவரில் கட்டியதுபோல. வண்டி கொதிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் கோளாறு இருக்கும் இடத்தில்தானே பட்டறைக்காரனுக்கு வேலை. மூச்சு விடத் திணறும் என்ஜின், திறந்துவிட்டால் எவ்வளவு தரும் என்று தேட ஆரம்பித்தார்கள். சிலிண்டரைக் கடைந்து விரித்தார்கள். வாய்களைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். ஒற்றை கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு, மூன்று. விக் எடல்பிராக் 1930களின் இறுதியில் இரண்டு கார்புரேட்டர் பூட்டும் அலுமினிய மேனிஃபோல்டு (பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) ஒன்றை வார்த்து, 'ஸ்லிங்ஷாட்' என்று பெயரிட்டு விற்றார். தானே அதைத் தன் 1932 ரோட்ஸ்டரில் மாட்டி, வார நாளில் வீட்டு வேலைக்கும் வாரக்கடைசியில் ஏரிக்கும் ஓட்டினார். விளம்பரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

இவர்களில் எனக்குப் பிடித்தவர் எட் இஸ்கெண்டேரியன். ஆர்மீனிய வம்சாவளி, திராட்சைத் தோட்டக்காரர்கள் வீட்டுப் பிள்ளை. வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டில் இருக்கும் முட்டை வடிவ மேடு. அந்த மேட்டின் சாய்வைக் கொஞ்சம் மாற்றித் தேய்த்தால் என்ஜினின் குணமே மாறும். போருக்கு முன்பிருந்தே அந்த வித்தையில் பெரிய கை எட் வின்ஃபீல்ட் என்பவர். போர் முடிந்து திரும்பிய இஸ்கெண்டேரியன் கேம் ஷாஃப்டுக்குச் சொல்லிவைத்தால், மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். ஊரெல்லாம் பையன்கள் திரும்பிவந்து காரைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. இவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் இன்னொரு கடைக்கு இடம் இருக்கிறது என்று, பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, கேம் தேய்ப்பதற்கு ஏற்றபடி தானே மாற்றிக்கொண்டார். 'இஸ்கி' கேம்கள் அப்படித்தான் பிறந்தன. இந்தச் சின்னச் சின்னப் பட்டறைகள் சேர்ந்து 1963இல் தங்களுக்கென்று ஒரு வணிகச் சங்கம் அமைத்துக்கொண்டன. அது இப்போது லாஸ் வேகாஸில் வருடந்தோறும் நடத்தும் கண்காட்சி, உலகக் கார் வணிகத்தின் பெரிய சந்தைகளில் ஒன்று.

போர்க்காலத்தைத் தாண்டிப் போவதற்குமுன் வேடா ஆர் என்ற பெண்ணைச் சொல்ல வேண்டும். ஏரியில் ரோட்ஸ்டர் ஓட்டியவர். ஆண்கள் மட்டும் என்றிருந்த டைமிங் அசோசியேஷனில் இடம் பிடித்த முதல் பெண். பந்தயங்கள் நின்று, பையன்கள் பசிபிக்கிலும் ஐரோப்பாவிலும் சிதறிக் கிடந்த வருடங்களில், அவர்களுக்கான செய்தித் தாளைத் தயாரித்துப் போர்முனைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். யார் எந்தப் படையில் இருக்கிறார், யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அந்தத் தாள் வழியாகத்தான் தெரிந்தது. திரும்பி வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்ததற்கு அந்தக் காகிதத்துக்கும் பங்கு உண்டு.

திரும்பி வந்தவர்களின் கை வேறு மாதிரி ஆகியிருந்தது. விமான என்ஜினைப் பிரித்து மாட்டிய கை, வெல்டிங் தெரிந்த கை. கண்ணும் மாறியிருந்தது. பில் பர்க் என்ற பந்தயக்காரர் தென் பசிபிக்கில் இருந்தபோது, ஒரு படகில் போர் விமானங்களுக்கான பெட்ரோல் தொட்டிகள் அடுக்கிக் கொண்டுபோவதைப் பார்த்தார். நெடுந்தூரம் பறக்கும் விமானத்தின் வயிற்றிலோ இறக்கையிலோ தொங்கும் தொட்டி அது; பெட்ரோல் தீர்ந்ததும் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். காற்றைக் கிழிக்க வேண்டும் என்பதால் மழைத்துளி வடிவம். பார்த்தவுடன் பர்க் அளவெடுத்துக்கொண்டார். ஊர் திரும்பி 1946இல், மஸ்டாங் விமானத்தின் 165 காலன் தொட்டி ஒன்றை உபரிக் கடையில் வாங்கி, அதற்குள் ஃபோர்டின் அடிச்சட்டமான சேசிஸை நுழைத்து ஏரியில் ஓட்டினார். மணிக்கு 131 மைல். ஆனால் இடம் போதவில்லை. ஓட்டுகிறவர் தொட்டிக்கு மேலே துருத்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அடுத்து பி-38 விமானத்தின் 315 காலன் தொட்டி. அதில் ஆளும் அடங்கினார், அவருக்குப் பின்னால் என்ஜினும் அடங்கியது.

ராணுவத்திலிருந்து வந்ததும் 1946இல் பர்பேங்க் ஊரில் 'சோ-கால் ஸ்பீட் ஷாப்' என்ற கடை போட்ட அலெக்ஸ் ஸிடியாஸ் அதே வழியில் ஒரு தொட்டிக் கார் செய்தார். 1952இல் பானவில் உப்புவெளியில் அது மணிக்கு 198 மைல், அதாவது கிட்டத்தட்ட 319 கிலோமீட்டர் ஓடியது. உந்தியது பழைய ஃபிளாட்ஹெட் மெர்க்குரி என்ஜின். விமானி வானத்தில் உதறிவிட்டுப் போகும் டப்பா ஒன்று தரையில் அந்த வேகம் போனதைத் தொழிற்சாலைப் பொறியாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பது சுவாரசியம். பானவில் இருப்பது யூட்டாவில். ஏரிகளில் இடம் போதாமல் 1949 ஆகஸ்ட் முதல் அங்கே போக ஆரம்பித்தார்கள்.

ஏரிக்குப் போகாதவர்கள் தெருவில் ஓட்டினார்கள். அது ஊருக்குத் தலைவலி. 1940களின் இறுதியில் ஹாட் ராட் என்றாலே காலி, பொறுக்கி என்ற அளவுக்குப் பத்திரிகைகள் எழுதின. பெயரைக் காப்பாற்றிக்கொள்ள டைமிங் அசோசியேஷன் 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆயுதசாலை மண்டபத்தில் ஒரு கண்காட்சி நடத்தியது. அதன் விளம்பர வேலையில் இருந்த ராபர்ட் பீட்டர்சன் என்ற இருபத்தொரு வயதுக்காரர், அதே சமயம் 'ஹாட் ராட்' என்றே பெயரிட்டு ஒரு பத்திரிகையை அச்சடித்து, மண்டபத்து வாசல் படியில் நின்று 25 சென்ட்டுக்கு விற்றார். கலிஃபோர்னியாவின் உள்ளூர்ப் பைத்தியம் நாடு முழுக்கப் பரவியதற்கு முக்கியக் காரணம் அந்தப் பத்திரிகை. அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார்.

தெருப் பந்தயத்துக்குக் கிடைத்த மாற்று, டிராக் பந்தயம். கால் மைல் நேர்பாதை, இரண்டு வண்டி, யார் முதலில். 1950இல் சாண்டா அனா விமான நிலையத்தின் ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் போட்டு இது நடந்தது. மற்ற ஊர்களிலும் போருக்காகப் போட்டுவிட்டு அப்படியே விட்ட ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. மறுபடியும் மிச்சப் பொருள்தான்: இம்முறை கான்கிரீட். 1953இல் பொமோனா நகரப் போலீஸ் தலைமையே முன்வந்து, பொருட்காட்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தைப் பந்தயத்துக்குத் திறந்துவிட உதவியது. போலீஸ்காரர் ஒருவர் ஹாட் ராட் அசோசியேஷன் வேலையில் சேர்ந்து, பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகப் போனார். 1955இல் கன்சாஸ் மாநிலம் கிரேட் பெண்டில், போர்க்கால விமானத் தளம் ஒன்றில் முதல் தேசியப் போட்டி வைத்தார்கள். மழை அடித்துப் பெய்து, இறுதிச் சுற்றை நவம்பரில் அரிசோனாவில் போய் முடித்தார்கள். இந்தப் பொமோனா ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பையன்கள் தொல்லை கொடுக்கிறார்கள் என்றதும் அரசாங்கம் அவர்களுக்கு இடம் தேடிக் கொடுத்தது.

வேகம் ஒருபக்கம் இருக்க, அழகுக்காக வண்டியை வெட்டியவர்கள் இன்னொரு பக்கம். கஸ்டம் கார்க்காரர்கள். சாக்ரமென்டோவில் ஹாரி வெஸ்டர்கார்ட் செய்த வேலைகளைப் பார்த்து வளர்ந்த ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்து லின்வுட்டில் பட்டறை வைத்தார்கள். வாயாடி ஜார்ஜ், வெட்டி ஒட்டிய கை பெரும்பாலும் சாம் உடையது. 'கஸ்டம்' என்பதை சி-க்குப் பதில் கே போட்டு எழுதும் குறும்பு ஜார்ஜ் ஆரம்பித்தது.

அந்த வேலையின் மையத்தில் இருந்தது ஈயம். தெருவோடு போகிற ஈயம் பூசுகிறவரிடம் பித்தளைக் குண்டானைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்திப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாத்திரத்தைச் சுத்தமாகத் தேய்ப்பார், சூடேற்றுவார், நவச்சாரத்தைத் தூவுவார், ஈயத்தைத் தொட்டு வைப்பார், துணியால் ஒரு சுற்று. கறுப்பு மறைந்து வெள்ளி மினுக்கும். கார் தகட்டிலும் முதல் வேலை அதுதான். இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, திராவகம் தடவி, மெல்லிய ஈயப்பூச்சு கொடுத்துவிட வேண்டும். அந்தப் பூச்சு பிடித்தால்தான் அதன்மேல் மொத்தமாக ஒட்டும். பிறகு காரீயமும் வெள்ளீயமும் கலந்த கட்டியை டார்ச் நெருப்பில் காட்டினால் ஒரு கட்டத்தில் வெண்ணெய்போல் இளகும். அந்தச் சில நொடிகளுக்குள், மெழுகு தடவிய மரக்கரண்டியால் அதைத் தள்ளி, தடவி, வளைவுக்கு வடிவம் கொடுக்க வேண்டும். சூடு குறைந்தால் நொறுங்கும், கூடினால் தரையில் வழியும். ஆறிய பிறகு அரத்தால் சீவினால், வெல்டிங் தழும்பு எங்கே இருந்தது என்று கை வைத்துத் தேடினாலும் கிடைக்காது. இப்போதைய பிளாஸ்டிக் பட்டி வந்து இந்த வித்தையை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. ஈயத் தூளைச் சுவாசித்தவர்களின் நுரையீரலை நினைத்தால் ஒழிந்தது நல்லதுதான்.

அப்படி வழித்துப் பூசிய கனமான கார்களுக்கு 'லெட் ஸ்லெட்', ஈயச் சறுக்குவண்டி என்று பெயர். அவற்றின் உச்சம், முதலில் சொன்ன அந்த மெர்க்குரி. உரிமையாளர் பாப் ஹிரோஹாட்டா, ஜப்பானிய வம்சாவளி இளைஞர். 1952இல் அவர் காரை பாரிஸ் பட்டறையில் விட்டார். கூரையை முன்பக்கம் 4 அங்குலம், பின்பக்கம் 7 அங்குலம் வெட்டி எடுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள அந்த 3 அங்குல வித்தியாசத்தில்தான் முழு அழகும் இருக்கிறது. சமமாக வெட்டியிருந்தால் தலையில் தட்டி அமுக்கியதுபோல் இருந்திருக்கும். இப்போது கூரை ஒரே மூச்சில் நெற்றியிலிருந்து வால் வரை வழிகிறது. கதவுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையில் நிற்கும் தூணை எடுத்துவிட்டு, ஜன்னல் ஓரத்தை வளைத்துவிட்டார்கள். பக்கவாட்டில் ஓடும் குரோம் பட்டை ப்யூக் காருடையது, பின்விளக்கு லிங்கன், முன்பல் வரிசை ஃபோர்டு. நான்கைந்து கம்பெனிகளின் உதிரிகளை ஒரே உடம்பில் வைத்தும், அது ஒரே அச்சில் வார்த்ததுபோல நிற்கிறது. ஹிரோஹாட்டா அதில் காடிலாக் என்ஜினை மாட்டி, நாட்டின் பாதியைக் கடந்து இண்டியானாபோலிஸ் கண்காட்சிக்கு ஓட்டிக்கொண்டே போனார். இன்று கண்ணாடிபோல் துடைத்து வைக்கும் வண்டியை அன்று சாலையில் விரட்டியிருக்கிறார்கள்.

ஹாட் ராடையும் கஸ்டம் காரையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம்; நிற்கும் விதம் போதும். ஹாட் ராட் மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். பின்னால் பெரிய டயர் போட்டால் என்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் போகலாம் என்ற ஏரிக்கணக்கு அது. மட்கார்டு இல்லாததும், பானெட் மூடி இல்லாததும் பாரம் குறைக்கத்தான். கஸ்டம் கார் அதற்கு நேர்மாறு: மூக்கு நிமிரும், வால் தரையைத் தேடும். அதற்கு எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை.

பெரிய கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1955இல் ஷெவ்ரலே வெளியிட்ட சிறிய வி8, ஃபிளாட்ஹெட்டை ஒரே அடியில் கிழவனாக்கிவிட்டது. 1964இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தரக் காரில் பெரிய என்ஜினைப் பூட்டி ஜி.டி.ஓ. என்று விற்றது. பையன்கள் பட்டறையில் செய்ததைத் தொழிற்சாலையே செய்து, தவணையில், உத்தரவாதத்தோடு கொடுத்தது. அதற்குமேல் வறண்ட ஏரிக்கு யார் போவது? மிஞ்சிய படைப்பாளிகள் கண்காட்சிப் பக்கம் ஒதுங்கினார்கள். எட் ராத் ஃபைபர் கிளாஸில் வினோத உருவங்களைச் செய்தார். அவற்றைப் பிளாஸ்டிக் பொம்மை மாடலாக விற்ற கம்பெனி ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு சென்ட் கொடுத்தது. ஜார்ஜ் பாரிஸ், ஃபோர்டு கம்பெனி கண்காட்சிக்குச் செய்துவிட்டு மூலையில் போட்டிருந்த லிங்கன் ஃப்யூச்சுராவை ஒரு டாலருக்கு எடுத்து, 1966இல் தொலைக்காட்சி பேட்மேனின் காரான பேட்மொபைலாக மாற்றினார். பழக்கதோஷம், அங்கேயும் யாருக்கும் வேண்டாததுதான் அவர் கண்ணில் பட்டது.

1970இல் இல்லினாய்ஸின் பியோரியாவில் பழைய ஹாட் ராட்காரர்கள் பந்தயம் எதுவும் வைக்காமல் ஒன்றுகூடினார்கள். குடும்பத்தோடு வந்து, வண்டியை நிறுத்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து ஹாட் ராட் நினைவுப் பொருள். இன்று 1932 ஃபோர்டின் உடலைப் புதிய இரும்புத் தகட்டில் அச்சடித்து விற்கிறார்கள். சேசிஸ், என்ஜின், அச்சு எல்லாமே புதிதாகக் கிடைக்கும். ஃபோர்டு தொழிற்சாலை தொட்ட ஒரு திருகுகூட இல்லாமல் முழு 1932 ஃபோர்டு ஒன்றைக் கட்டிவிட முடியும். கைப்பணம் இல்லாதவன் கண்டுபிடித்த வண்டி, கைப்பணம் இருப்பவன் ஓய்வுக்காலத்தில் செய்யும் வேலையாகிவிட்டது.

காயலான் கடை மரபு அறுந்துபோகாமல் நீடித்தது மூன்றாவது கிளையில். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்ஸிக வம்சாவளி இளைஞர்கள் பழைய ஷெவ்ரலேக்களை வாங்கி, டிக்கியில் மணல் மூட்டையை ஏற்றித் தாழ்த்தினார்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினார்கள். 'பாஹீத்தோ இ சுவாவெசீத்தோ' என்பது அவர்களுடைய மந்திரம்: தாழ்வாக, மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை மாலை விட்டியர் சாலையில் ஊர்வலம்போல் நகர்வார்கள். தேர் பார்ப்பதுபோல ஊர் நின்று பார்க்கும். வேகமாக ஓட்டுகிறார்கள் என்று குறை சொல்லவே வழியில்லை. இருந்தும், வண்டியின் எந்தப் பாகமும் சக்கரத்து ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 1958இல் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008 என்ற பிரிவு வந்தது. அந்தப் பிரிவு யாருடைய இனத்தையும் சொல்லவில்லை. யாருடைய வண்டியை நிறுத்தி அளவுகோல் வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பதில் காயலான் கடையிலிருந்தே வந்தது. ரான் அகீரே என்பவர் தன் கார்வெட் காரில், விமான உபரிச் சந்தையில் கிடைக்கும் ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் ஸ்பிரிங்கோடு இணைத்தார். பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளினால் வண்டி எழும். வால்வைத் திறந்துவிட்டால் உட்காரும். டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். போலீஸ் ஜீப் கண்ணில் பட்டால் சட்டப்படியான உயரம், போன பிறகு தரை மட்டம். கண்காட்சிகளில் இந்த வண்டிகள் குதித்துக் கூத்தாடுவதைப் பார்க்கும் பலருக்கு, அந்தக் கருவியே அபராதச் சீட்டுக்குப் பயந்து பிறந்தது என்று தெரியாது. பின்னாளில் லாரியின் பின்கதவைத் தூக்கும் பம்புகளைப் பயன்படுத்தினார்கள். 1958 முதல் வந்த இம்பாலாவின் எக்ஸ் வடிவச் சட்டகம் இதற்கென்றே செய்ததுபோல் வசதியாக இருந்தது.

பொமோனா பையன்களுக்கு மைதானம் கிடைத்தது என்று சொன்னேன். விட்டியர் சாலைக்கு 1979இல் தடுப்பு கிடைத்தது; இரவில் வண்டிகள் நுழைய முடியாதபடி அடைத்தார்கள். அடுத்த வருடங்களில் மாநிலத்தின் பல நகரங்கள், ஒரே சாலையில் திரும்பத் திரும்ப மெல்ல ஓட்டுவதையே குற்றமாக்கின. லோரைடர் கிளப்புகள் நன்கொடை திரட்டின, கோயில் திருவிழாக்களுக்கு வண்டி அனுப்பின, நகர மன்றங்களில் மனு கொடுத்துக்கொண்டே இருந்தன. 2022இல் சாக்ரமென்டோ தடையை விலக்கியது. வேறு சில நகரங்களும் பின்தொடர்ந்தன.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் இம்பீரியல்ஸ் கிளப்பைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸின் 1964 இம்பாலாவுக்கு 'ஜிப்சி ரோஸ்' என்று பெயர். இளஞ்சிவப்பு உடம்பெல்லாம் கையால் வரைந்த ரோஜாக்கள், உள்ளே வெல்வெட் இருக்கை. அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஹிரோஹாட்டாவின் மெர்க்குரியும் இருக்கிறது, ஜிப்சி ரோஸும் இருக்கிறது. 2017இல் ஜிப்சி ரோஸை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், நாடாளுமன்றத்துக்கு எதிரே நீளும் தேசியத் திடலில் விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அது பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், அதன் சொந்த மாநிலத்தில் 24008 இன்னும் அமலில் இருந்தது. தாழ்த்திய வண்டிகளுக்கான தடையும், நகரங்கள் போட்ட ஊர்வலத் தடைகளும் கலிஃபோர்னியாவில் செல்லாமல் போனது 2024 ஜனவரி 1 அன்று.